ஹெட் இறக்கி மாட்டிய பிறகு வரும் புதுச் சத்தங்கள்: எது அடங்கும், எது அடங்காது

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 2013 மாருதி ஸ்விஃப்ட் டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஏலகிரி ஏறும்போது சூடேறி நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியாக உட்காரும் பாகம்) இறக்கி, ஃபேசிங் போட்டு (அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி), கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு), வாட்டர் பம்ப், பெல்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி கைக்கு வந்ததிலிருந்து மூன்று புதுச் சத்தங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கடகட', பிறகு சூடேறும் வரை 'டிக் டிக்'. ஏசி போட்டால் 'கீச்'. காட்பாடி மேம்பாலம் ஏறும்போது 'சுக் சுக்', கூடவே வண்டிக்குள் புகை நாற்றம். மெக்கானிக் 'ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க சார், தானா அடங்கிடும்' என்கிறார். அடுத்த வாரம் இதில் குடும்பத்தோடு பெங்களூர் போகலாமா?

மூன்றாவது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை போக வேண்டாம். மெக்கானிக் சொன்னது உங்கள் மூன்று சத்தங்களில் ஒன்றுக்கு மட்டும், அதுவும் பாதி அளவுக்குத்தான் பொருந்தும். மற்ற இரண்டும் ஓட ஓடச் செலவைக் கூட்டும் சத்தங்கள்.

முதலில் பில்லை எடுத்து வையுங்கள். ரிப்பேருக்கு முன் இல்லாத சத்தம் ரிப்பேருக்குப் பின் வந்தால், கழற்றி மாட்டிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். ஹெட்டை இறக்க வேண்டுமானால் பில்லில் எழுதாத பலவற்றையும் கழற்றியாக வேண்டும்: நான்கு இன்ஜெக்டர்கள் (டீசலைப் பீய்ச்சுபவை), டைமிங் செயின் (கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைப்பது), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) பக்கம், டர்போ ஹோஸ்கள், ஏர் ஃபில்டர் பாக்ஸ், ஹீட் ஷீல்டு, அடியிலுள்ள பிளாஸ்டிக் கவர். செயினை எடுக்க இன்ஜினைத் தாங்கும் பக்கத்து மவுண்டிங்கையும் விட்டிருப்பார்கள். 'எதையெல்லாம் கழற்றினீங்க, அதில் எதைப் புதுசா போட்டீங்க, எதைப் பழசையே போட்டீங்க?' இந்த ஒரு கேள்விக்கு மெக்கானிக்கிடம் நிதானமாகப் பதில் வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சத்தத்தை எண்ணுவது. காதுக்கு எல்லாம் ஒன்றுபோல் கேட்டாலும் எண்ணிக்கை பொய் சொல்லாது. ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காத ஓட்டம்) 800 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அடித்தண்டு) விநாடிக்கு 13 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் அதில் பாதி, விநாடிக்கு 6 அல்லது 7 முறை. ஒரு சிலிண்டர் எரிவதும் அதே பாதி வேகத்தில்தான். போனை பானெட் அருகே பிடித்து 10 விநாடி பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டு எண்ணுங்கள். 65, 70 தட்டல் வந்தால் வால்வு, ராக்கர் (வால்வை அழுத்தும் சிறு கை), ஒரே ஒரு இன்ஜெக்டர், மேனிஃபோல்டில் ஒரு சிலிண்டரின் கசிவு ஆகியவற்றில் ஒன்று. 130 பக்கம் வந்தால் கிராங்க், ஃப்ளைவீல், கிராங்க் புல்லி பக்கம் பாருங்கள். இரண்டுக்கும் ஒத்துவராமல் தன் போக்கில் ஓடினால் பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்னேட்டர், டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிப்பது), பம்ப் பேரிங். ஆக்சிலேட்டரை மிதித்தும் வேகம் மாறாத சத்தமென்றால் அது இன்ஜினே இல்லை; ரேடியேட்டர் ஃபேனாகவோ பியூயல் பம்ப்பாகவோ இருக்கும்.

இனி முதல் சத்தம், காலைக் 'கடகட'. இந்த 1.3 லிட்டர் இன்ஜின், 1248 சிசி, ஃபியட்டின் மல்டிஜெட் வகை. இதில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்டுகள் உண்டு. டைமிங் செயினின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. எனவே 'டேப்பட் செட்டிங் பண்ணணும், தனி காசு' என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். ஸ்பேனர் வைத்துத் திருகிச் சரிசெய்யும் திருகு இந்த இன்ஜினில் கிடையாது.

ஹெட்டைக் கழற்றி மேசையில் கிடத்தும்போது டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் வடிந்து காற்று புகுந்துவிடும். மாட்டியதும் டிக் டிக் என்று அடிக்கும். சூடான இன்ஜினை 2000, 2500 ஆர்.பி.எம்.மில் சில நிமிடம் பிடித்தால் காற்று வெளியேறி அடங்கிவிடும். அதிகம் போனால் அரை மணி நேர ஓட்டம். மெக்கானிக் சொன்ன 'தானா அடங்கும்' இதற்குத்தான் பொருந்தும். ஆனால் ஐந்நூறு கிலோமீட்டர் எதற்கு? இரண்டு முறை வேலூரிலிருந்து ஆற்காடு போய் வந்த பிறகும் சூடான இன்ஜினில் அதே டிக் கேட்டால், டேப்பட் பிடித்துக்கொண்டது அல்லது ராக்கர் தன் இடத்தில் உட்காரவில்லை. ராக்கர் முழுதாக நழுவினால் சத்தம் டிக்காக இருக்காது, 'டக் டக்' என்று ஓங்கி அடிக்கும். ஒரு சிலிண்டர் இழுக்காமல் வண்டி உதறும். அப்போது இன்ஜினை நிறுத்திவிட்டு டோ செய்யுங்கள்.

உங்கள் விவரத்தில் டிக் 'சூடேறும் வரை' என்று இருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அடித்து, சூடானதும் அடங்கும் சத்தம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவாகவும் இருக்கலாம்; இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். இரண்டையும் பிரிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும், இரண்டு மூன்று அடி ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்துங்கள். கசிவிருக்கும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று காதில் அறையும். டேப்பட் என்றால் ஹோஸில் பெரிதாக ஒன்றும் கேட்காது. அதற்கு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வ் கவரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்க வேண்டும். மேனிஃபோல்ட் இணைப்பில் கருப்புக் கரி படிந்திருந்தால் அதுவே சாட்சி. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலையில்கூட இன்ஜின் அதிகம் குளிர்ந்திருக்காது. அதனால் இந்தச் சோதனைக்குக் கிடைப்பது முதல் இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே. ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்து ஐடி கார்டு, தொங்கும் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.

'கடகட' முதல் ஓரிரு விநாடியில் நின்றுவிட்டால், அதுவும் ஆயில் மாற்றிய முதல் நாள் மட்டும் என்றால், கவலையில்லை. ஃபில்டர் நிரம்ப நேரம் எடுக்கிறது. தினமும் காலையில் வந்தால் செயின் டென்ஷனர்தான் முதல் சந்தேகம். 1,40,000 ஓடிய இன்ஜினில் செயினை எடுத்துவிட்டுப் பழைய செயினையும் டென்ஷனரையும் கைடையும் திரும்ப மாட்டியிருந்தால் அது கண்டிப்பாகக் கேள்விக்குரியது. ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தாலோ, ஆயில் விளக்கு அணைய மூன்று விநாடிக்கு மேல் எடுத்தாலோ, ஆயில் அழுத்த ஸ்விட்ச் இருக்கும் துளையில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சூடான ஐட்லிங்கில் ஏறக்குறைய 1 பாருக்குக் கீழே இறங்கினால் ஓட்டாதீர்கள்.

டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். சமதரையில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜினுக்குச் சுமார் 3 லிட்டர்தான் ஆயில். நான்கு லிட்டர் டின் வாங்கி முழுவதையும் ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று உண்டு. காற்று புகுந்த டேப்பட் டிக் டிக் என்றுதான் அடிக்கும். அதிகமானதை உறிஞ்சி எடுத்தாலே அடங்கிவிடும் சத்தம் இது. டிப்ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் அடியிலோ பால் காபி நிறத்தில் குழம்பு தெரிந்தால் கதை வேறு: கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. சூடேறிய வண்டியில் பழைய கலப்பின் மிச்சமாகவும் இருக்கலாம், புது கேஸ்கட் பிடிக்கவில்லை என்றும் இருக்கலாம். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதீர்கள். கிராங்கைத் தாங்கும் பேரிங் ஷெல்லைத் தின்றுவிடும்.

அப்படிப் பேரிங் போனால் வரும் சத்தத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். டிக் என்று மேலே கேட்காது. இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து 'தொம் தொம்' என்று கனமாக வரும். பாரம் ஏறும்போது, 2000 ஆர்.பி.எம். பக்கம் கூடும், இன்ஜின் சூடாகி ஆயில் இளகினால் குறையாமல் இன்னும் அதிகமாகும். மாறாக, டேப்பட் சத்தம் சூடானால் குறையும்.

ஃபேசிங் போட்டதாகச் சொன்னீர்கள். இது பற்றி ஒர்க்‌ஷாப்பில் நேராகக் கேளுங்கள்: எவ்வளவு சீவினீர்கள், எந்தத் தடிமன் கேஸ்கட் போட்டீர்கள்? டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரின் பின்னக் கணக்கு. அதனால்தான் டீசல் ஹெட் கேஸ்கட்டுகள் பல தடிமன்களில் வருகின்றன. ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளையின் எண்ணிக்கை அதைக் காட்டும். பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜில் அளந்து அதற்கேற்றதைப் போட வேண்டும். பல தயாரிப்பாளர்கள் டீசல் ஹெட்டைச் சீவவே கூடாது என்கிறார்கள். அதிகம் சீவி, வால்வையும் உரிய அளவு உள்ளே இறக்காவிட்டால் வால்வு முனை பிஸ்டனில் உரசும். செயினில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இதேதான். அந்தச் சத்தம் உலோகத்தில் சுத்தியல் தட்டியது போல், கேம் வேகத்தில், குளிரோ சூடோ ஒன்றுபோலவே வரும். நாளாக நாளாகக் குறையவே குறையாது. டைமிங் வைக்கும்போது கேம்ஷாஃப்டையும் கிராங்கையும் பூட்டும் ஊசிக் கருவிகளைப் பயன்படுத்தினார்களா, இல்லை பெயின்ட் கோடு போட்டு வைத்தார்களா என்பதையும் கேளுங்கள். கோடு மட்டும் என்றால் மறுபடி சரிபார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

அதேபோல் ஹெட் போல்ட். முதலில் குறிப்பிட்ட டார்க் (முறுக்கு விசை), பிறகு கோணம் என்று முறுக்கும் வகை அவை; முறுக்கும்போதே நீளும். பழைய போல்ட்டையே போட்டிருந்தால் பிடிப்பு குறையும். 'ஆயிரம் ஓடினதும் கொண்டாங்க, ஹெட்டை ஒரு டைட் வெச்சிடலாம்' என்பது பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம். இந்த இன்ஜினில் அப்படிச் செய்தால் போல்ட் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது சத்தம், ஏசி போட்டால் 'கீச்'. இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, ஐட்லிங்கில் பெல்ட்டின் பல்வரிப் பக்கம் லேசாகத் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: டென்ஷன் போதவில்லை, அல்லது பெல்ட்டில் கூலன்ட், ஆயில் பட்டிருக்கிறது. ஹெட் வேலையில் கூலன்ட் சிந்தாமல் இருக்காது. அந்தப் பிசுபிசுப்பு போகாது, பெல்ட்டை மாற்றுவதே வழி. சத்தம் ஒரு கணம் அடங்கி உடனே திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. புது வாட்டர் பம்ப் புல்லி சரியாக உட்கார்ந்ததா, பெல்ட் ஒரு வரி தள்ளி ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தள்ளி ஏறிய பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரியும். தண்ணீர் பட்டும் மாற்றமே இல்லையென்றால் பேரிங். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். மணல் அரைப்பது போல் உணர்ந்தாலோ ஆட்டம் இருந்தாலோ அதுதான். பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் குளிர்ந்த இன்ஜினில் அரை நிமிடத்துக்கு மேல் கூடாது. சோப்பு, மெழுகு, பவுடர், தேங்காய் எண்ணெய் எதையும் பெல்ட்டில் தடவாதீர்கள். சத்தம் இரண்டு நாள் மறையும், வழுக்கல் அப்படியே இருக்கும். பம்ப் மெதுவாகச் சுற்றும், வண்டி மறுபடி சூடேறும்.

பம்ப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ரேடியேட்டரில் என்ன ஊற்றினார்கள்? பாலாற்றங்கரை முழுக்கப் போர் தண்ணீர் உப்பும் கடினமும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் குழாயில் சுண்ணாம்பு படியும், பம்ப் சீல் தேயும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று தண்ணீர் ஓடும் ஒலி கேட்டால் கூலன்டில் ஏர் லாக் (சிக்கிய காற்று) இருக்கிறது. முழுக்கக் குளிர்ந்த இன்ஜினில், முன்பக்கம் சற்று மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து காற்றை வெளியேற்றுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் தொடாதீர்கள். காற்றை வெளியேற்றிய பிறகும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறது, அதாவது கேஸ்கட் மறுபடி போய்விட்டது.

இப்போது மூன்றாவது, முக்கியமானது. மேம்பாலம் ஏறும்போது 'சுக் சுக்', உள்ளே புகை நாற்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்ஜெக்டர் வாஷர் கசிவுதான் முதல் சந்தேகம். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செம்பு வாஷர் உண்டு. சிலிண்டருக்குள் எரியும் அழுத்தத்தை அதுதான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டாலோ, உட்காரும் இடத்திலுள்ள கரியைச் சுரண்டாமல் போட்டாலோ, கிளாம்பைச் சரியான டார்க்கில் முறுக்காவிட்டாலோ அந்த வழியாகப் புகை பீய்ச்சும். சில நூறு ரூபாய் பொருள். விட்டுவைத்தால் அந்தக் கரி தார் போல் இறுகி, இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிடுங்குவதே பெரிய செலவு, சில சமயம் ஹெட்டையே மறுபடி இறக்க வேண்டிவரும்.

குளிர்ந்த இன்ஜினில் மேலுள்ள பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு, இன்ஜெக்டர் நான்கின் அடியிலும் சோப்புத் தண்ணீரைச் சில சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கசியும் இடத்தில் குமிழி பொங்கும். ஈரமான கருப்புத் தார் வளையம் தெரிந்தாலும் அதேதான். டீசல் பைப் நட்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் இன்ஜின் ஓடும்போது தளர்த்தாதீர்கள். உள்ளே அழுத்தம் நூற்றுக்கணக்கான பாரில் இருக்கிறது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து டீசலை சதைக்குள் செலுத்தும். எந்த சிலிண்டர் என்று பிரிக்க ஸ்கேனரில் ஒவ்வொன்றாக கட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கட் செய்ததும் எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அதுதான். இன்ஜெக்டர்களை வெளியே எடுத்தபோது இடம் மாற்றிப் போட்டுவிட்டார்களா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீடு உள்ள வண்டிகளில், ஈ.சி.யு.வில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) திரும்பப் பதியாவிட்டால் ஐட்லிங் கரடுமுரடாகி டீசல் நாக் (எரியும்போது வரும் தட்டல் சத்தம்) கூடும்.

இன்ஜெக்டர் அடி சுத்தமாக இருந்தால் மேனிஃபோல்டும் டர்போ இணைப்பும். நாற்றம் இல்லாமல், பாரத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று வந்து, இழுவை குறைந்து, பின்னால் கருப்புப் புகை போனால் டர்போ ஹோஸ் கிளாம்ப் தளர்வு. இணைப்பில் ஆயில் ஈரம் தெரியும்.

புகை நாற்றத்தை வெறும் நாற்றமாக எண்ணாதீர்கள். ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் இடம் கண்ணாடிக்கு அடியில், பானெட்டின் பின்புறம். அங்கிருந்து எரிந்த வாயு உள்ளே வருகிறது. அதில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. என்.எச். 48-இல் பள்ளிகொண்டா டோல் தாண்டி, பின்சீட்டில் குழந்தைகள் தூங்க, கண்ணாடி ஏற்றிவிட்டு ஏசியில் 200 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் பெங்களூர் வேண்டாம் என்றேன். ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போனாலும் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போங்கள்.

சின்னச் சத்தங்களையும் இதே வருகையில் முடித்துவிடலாம். ஐட்லிங்கில் ஸ்டியரிங், சீட் எல்லாம் அதிர்ந்தால், இன்ஜின் ஒரு பக்கம் இழுத்த நிலையில் மவுண்டிங் போல்ட்டை முறுக்கியிருக்கலாம். போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினைச் சற்று ஆட்டித் தானாக உட்காரவிட்டு மறுபடி முறுக்கினால் போதும். ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் 'ஜிர்' என்றால் ஹீட் ஷீல்டு அல்லது கிளிப் விட்டுப்போன பைப். மரக்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்தினால் அகப்படும். மேடு பள்ளத்தில் மட்டும் கலகலத்தால் அடி கவரை இறக்கிப் பாருங்கள். விட்டுப்போன சாக்கெட்டோ நட்டோ அங்கே கிடப்பது அபூர்வமில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது முந்தின மாலையே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக் அண்ணனே கேட்கட்டும். சூடான வண்டியை ஓட்டிப்போய் நிறுத்தினால் 'சத்தமே இல்லையே சார்' என்பார். அவர் மேல் தப்பில்லை, அப்போது உண்மையிலேயே இருக்காது. வாஷர் நான்கும் புதிது, பெல்ட், டென்ஷனர் சோதனை, கேஸ்கட் தடிமன், டைமிங் சரிபார்ப்பு என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய வாஷர்களைக் கையில் கேளுங்கள். வேலை முடிந்ததும் காட்பாடி மேம்பாலத்தில், கண்ணாடியை இறக்கி, மூன்றாவது கியரில், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஏறி இறங்குங்கள்.